சாக்கடையில் கிருமியைத் தேடிய வரலாறு



கொரோனா காலத்தில் 'கழிவுநீர்க் கண்காணிப்பு' என்ற சொல் செய்திகளில் அடிபட்டது. நோயாளி மருத்துவமனைக்கு வருமுன்பே அவரது மலத்தின் வழியாகக் கிருமி சாக்கடைக்கு வந்துவிடக்கூடும். அந்த நீரைச் சோதித்தால் நகரத்தின் நோய்ப் பரவலை முன்கூட்டியே அறியலாம். இது 80 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அறிவியல்.

1939இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் ஆகியோர் அந்நகரச் சாக்கடை நீரைக் குரங்குகளுக்குச் செலுத்தி, அதில் போலியோ கிருமி இருப்பதைக் காட்டினார்கள். 1940களின் இறுதியில் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் சாக்கடைகளில் துணிச்சுருளைத் தொங்கவிட்டு, பாராடைஃபாய்டு கிருமி வரும் திசையைத் தேடிப் போனார்.

இந்தியாவில் போலியோவுக்கான இந்தச் சோதனை 2001இல் மும்பையில் தொடங்கியது. போலியோ தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்றவர்கள் தமக்கே தெரியாமல் கிருமியைப் பரப்புவார்கள். முடங்கிய குழந்தைகளை மட்டும் எண்ணினால் பரவலின் அளவு தெரியாது என்பதால் சாக்கடையையும் பார்த்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ பாதிப்பு. 2014 மார்ச் 27 அன்று, இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது என்று சான்றளிக்கப்பட்டது.

அதே 2014 மார்ச் 27 அன்றுதான் சஃபாய் கர்மசாரி அந்தோலன் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 முதல் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து, தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கண்ணுக்குத் தெரியாத கிருமியைச் சாக்கடையில் தேடிக் கண்டுபிடித்த அரசுக்கு, அதே சாக்கடையில் மூச்சுத்திணறிச் செத்த மனிதர்களைக் கண்டறியும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2023இல் அத்தொகை 30 லட்சமானது. அப்போதும் மரணங்கள் தொடர்ந்தபடி இருந்தன.

எல்லாச் சாதியாரின் கழிவும் ஒரே குழாயில் கலக்கிறது. அடைப்பெடுக்க இறங்குபவர்கள் மட்டும் பெரும்பாலும் தலித்துகள். நச்சுவாயு, எலிக்காய்ச்சல், மஞ்சள் காமாலை ஆகிய ஆபத்துகளை முதலில் சந்திப்பது அவர்கள் உடல்தான்.

இந்த அறிவியலை நாம் எதிர்க்கவில்லை. போலியோவால் முடங்கியவர்களில் நம் சேரிக் குழந்தைகளும் உண்டு. கழிவுநீர் ஆய்வறிக்கை வெளியாகும்போதெல்லாம் மாணவர்கள் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள்: அந்த நகரத்தில் சாக்கடைக்குள் இறங்குபவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது?