தடமும் தளையும்: அமெரிக்கப் பொதுநிலத்தில் வனாந்தர அறிவிப்பும் மோட்டார் வண்டிக்கான உரிமையும்

யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கே, செம்பாறை மேடுகளுக்கு ஊடாக இரண்டு சக்கரக் கோடுகள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். யாரும் மண்வெட்டி போட்டு அமைத்த பாதையல்ல அது. 1950களில் யுரேனியம் தேடி வந்த ஜீப் ஒன்று முதலில் போயிருக்கும். அதன் பின்னால் மாடு மேய்ப்பவர்களின் வண்டி. இப்போது வார இறுதிகளில் ஏடிவி எனப்படும் நான்கு சக்கர வண்டியில் உலா வருபவர்கள். இந்தக் கோடு சாலையா, இல்லையா?

அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரே மூச்சில் இரண்டு பதில்களைச் சொல்கிறது. 1976ஆம் ஆண்டின் கூட்டாட்சி நிலக்கொள்கை, மேலாண்மைச் சட்டம், நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பிலுள்ள பொதுநிலங்களில் 5,000 ஏக்கருக்குக் குறையாத, சாலையற்ற பகுதிகளைக் கணக்கெடுத்து, அவை வனாந்தரமாக அறிவிக்கத் தகுமா என்று ஆராயச் சொன்னது. சாலை எது என்பதற்கு அந்த மசோதா பற்றிய கீழவைக் குழுவின் அறிக்கை விளக்கம் தந்தது: இயந்திரக் கருவிகளால் செப்பனிட்டுப் பராமரிக்கப்படுவதே சாலை, வண்டிகள் போய்ப்போய் விழுந்த தடம் சாலையாகாது. ஆனால் 1866ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. வேறெதற்கும் ஒதுக்கப்படாத பொதுநிலத்தின் குறுக்கே நெடுஞ்சாலை அமைக்க அது வழியுரிமை கொடுத்தது. அந்த வாக்கியம் 1976இல் நீக்கப்பட்டது. அதற்குள் உண்டாகியிருந்த உரிமைகள் மட்டும் காப்பாற்றப்பட்டன. அப்படி ஓர் உரிமை உண்டானதா என்பதற்கு மாநிலச் சட்டமே உரைகல், யூட்டாவில் பொதுமக்கள் பத்தாண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் போதும் என்று பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஆக, நம் சக்கரக் கோடு ஒரு சட்டத்தின் கண்ணுக்குச் சாலையே அல்ல. இன்னொன்றின் கண்ணுக்கு அது நெடுஞ்சாலை.

தமிழில் 'தடம்' என்ற சொல் வழியையும் குறிக்கும், கடந்துபோனதன் சுவட்டையும் குறிக்கும். அமெரிக்க வனாந்தர வழக்குகளைப் படிக்கும்போது இந்த இரட்டைப் பொருள் எனக்குத் திரும்பத் திரும்ப உதவியிருக்கிறது. அங்கே நடக்கும் வாதத்தை 'இயற்கையா, மக்களா' என்று சுருக்கிப் பேசுவது வழக்கம். மோட்டார் தரப்பு அதைப் 'பூட்டிவைத்தல்' என்கிறது. பாதுகாப்புத் தரப்பு 'காப்பாற்றுதல்' என்கிறது. இரண்டுமே விஷயத்தின் மேற்பரப்பு. உள்ளே தீர்மானமாவது, எந்தச் சுவட்டைச் சட்டம் வழியாக ஏற்கும், எதை வெறும் சுவடாகத் தள்ளும் என்பதுதான். அந்தத் தேர்வில் சூழலியலைவிடப் பழக்கத்துக்கே கனம் அதிகம் என்பது என் வாதம்.

'வனாந்தரம்' என்ற சொல்லைத் தெரிந்தேதான் எடுக்கிறேன். 'காடு' என்றால் மரம் வந்துவிடும். அமெரிக்கச் சட்டம் சொல்லும் நிலத்தில் பாலையும் உண்டு, ஏரியும் உண்டு, பனிமலையும் உண்டு. தமிழ் விவிலியம் மரமற்ற பாழ்வெளிக்கும் வனாந்தரம் என்ற சொல்லையே பழக்கப்படுத்திவிட்டதால் அது இங்கே பொருந்துகிறது.

1964 செப்டம்பர் 3இல் குடியரசுத்தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம், மனித வேலையின் சுவடு பெரும்பாலும் கண்ணில் படாத நிலம் என்று வனாந்தரத்தை வரையறுக்கிறது. 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் வழக்கறிஞர்களின் பிழைப்பு. சட்டத்தை எழுதிய ஹோவர்ட் ஸானைசர், அது நிறைவேற நான்கு மாதம் இருக்கும்போது இறந்துபோனார். அவர் தேடி எடுத்துவைத்த சொல் 'அன்டிராமெல்டு': தளையிடப்படாதது. இதை 'காலடி படாதது' என்று தவறாக வாசிப்பவர்கள் அமெரிக்காவிலேயே உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களும் ஓசையில் அவ்வளவு நெருக்கம். ஆனால் அவர் காலடியை விலக்கவில்லை. மனிதன் அங்கே வந்துபோகும் விருந்தாளி என்றே சட்டம் சொல்கிறது. விலக்கப்பட்டவை கருவிகள்: மோட்டார் வண்டி, விசைப்படகு, விமானம் இறங்குதல், வேறெந்த இயந்திரப் போக்குவரத்தும். வரலாற்றறிஞர் பால் சட்டர் 2002இல் வெளியிட்ட நூலில், வனாந்தர இயக்கமே மோட்டார் காருக்கு எதிர்வினையாகப் பிறந்தது என்று காட்டினார். ஆல்டோ லியோபோல்டும் ராபர்ட் மார்ஷலும் கூட்டாளிகளும் 1935இல் வனாந்தரச் சங்கத்தைத் தொடங்கியபோது, மரம் வெட்டுவோரைவிட அவர்களை அதிகம் கலக்கியது பூங்காக்களுக்குள் பாய்ந்த சாலையும் அதில் வந்த சுற்றுலாக் கார்களும்தான்.

அப்படிப்பட்ட சட்டத்திலேயே ஒரு பின்வாசல் திறந்திருக்கிறது. விமானமும் விசைப்படகும் ஏற்கெனவே பழக்கமாகிவிட்ட இடங்களில் தொடர அனுமதிக்கலாம். அதாவது முந்திக்கொண்டவருக்குச் சலுகை. சூழல் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வி இந்த விதிவிலக்குக்கு அடிப்படையல்ல; யார் முன்பே வந்தார்கள் என்பதே அடிப்படை.

இதன் விளைவைப் பார்க்க மினசோட்டாவின் வடக்கெல்லையைவிட நல்ல இடமில்லை. கனடாவை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் பகுதி சுமார் 11 லட்சம் ஏக்கர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மிதவை விமானங்கள் மீன்பிடிக்காரர்களை உள்ளேரி விடுதிகளில் கொண்டுபோய் இறக்கின. 1949 டிசம்பரில் குடியரசுத்தலைவர் ட்ரூமன், அந்தப் பகுதிக்கு மேல் கடல்மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்று ஆணையிட்டார். விடுதிக்காரர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். விமானம் போயிற்று, விசைப்படகு நின்றது. 1964 சட்டம் இந்த ஒரு பகுதிக்கென்றே தனி உட்பிரிவு எழுதி, பழகிப்போன விசைப்படகுகளைத் தொடவில்லை.

சண்டை 1977இல் உச்சத்துக்கு வந்தது. ஈலி என்ற சிற்றூரில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடத்தியபோது, வனாந்தரத்தை ஆதரித்த எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஓல்சன் வெளியூர்க்காரர் அல்ல. 1920களிலிருந்து அதே ஊரில் குடியிருந்தவர், துடுப்புத் தோணிப் பயணங்களுக்குத் தளவாடம் கொடுக்கும் தொழில் நடத்தியவர், அப்போது வயது 78. 'உள்ளூர் மக்களுக்கு எதிராக நகரத்து மேட்டுக்குடியினர்' என்ற சூத்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தக் கொடும்பாவியின் முகவரியைக் கவனிப்பதில்லை.

1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் விசைப்படகைப் பெரும்பாலான ஏரிகளிலிருந்து படிப்படியாக விலக்கியது. மிச்சமிருந்தவற்றில் சில ஏரிகளுக்கு 25 குதிரைத்திறன், சிலவற்றுக்கு 10. வனாந்தரத்தைக் குதிரைத்திறனில் அளந்த சட்டம் இது ஒன்றாகத்தான் இருக்கும். கேலியாகச் சொல்லவில்லை; பேரம் எங்கே முடிந்தது என்பதை அந்த எண்கள் அப்படியே காட்டிக்கொடுக்கின்றன.

ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போக, தோணியைக் கவிழ்த்துத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு தரைவழி நடக்க வேண்டும். அந்த நடைபாதையின் நீளத்தை வரைபடங்கள் இன்றும் 'கோல்' கணக்கில்தான் குறிக்கின்றன: ஒரு கோல் பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு தோணியின் நீளம். 320 கோல் ஒரு மைல். பழைய அலுமினியத் தோணி எழுபது பவுண்டுவரை இருக்கும். கெவ்லர் தோணி நாற்பது சொச்சம். தோளில் கட்டை அழுத்த, கொசு மொய்க்க, 100 கோல் நடப்பவருக்கு அந்தத் தூரம் மூட்டைகளுக்காக மும்மடங்காகும்: தோணியோடு ஒருமுறை, வெறுங்கையோடு திரும்பி, மூட்டையோடு மறுபடி. இங்கேதான் மோட்டார் தடையின் உண்மையான வேலை தெரிகிறது. அது நிலத்தைப் பெரிதாக்குகிறது. துடுப்புப் போட்டு அரைநாள் கடக்கும் ஏரியை அவுட்போர்டு எஞ்சின் மிக விரைவாகக் கடந்துவிடும். எஞ்சினோடு வருபவருக்கு அந்த ஏரி சிறியது, அவர் போன பிறகு அலையில் ஆடிக்கொண்டிருக்கும் தோணிக்காரருக்கும் சிறியதாகிவிடுகிறது. மோட்டார் வழி கிடைக்கும் அணுக்கம் எல்லாருக்கும் கூடுதலாகச் சேர்வதில்லை. ஒருவருக்குக் கொடுத்ததை அடுத்தவரின் தூரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

சில நடைவழிகளில் படகைச் சரக்கு வண்டியில் ஏற்றி அடுத்த ஏரிக்குக் கொண்டுபோனார்கள். சாத்தியமான மாற்றுவழி இருந்தால் இவற்றை மூட வேண்டும் என்றது 1978 சட்டம். 'சாத்தியம்' என்றால் என்ன என்று 1993வரை வழக்கு. மோட்டார் இல்லாமல் படகைக் கொண்டுபோவது சாத்தியமே என்று நீதிமன்றம் முடிவு சொல்ல, வண்டிகள் நின்றன. 1998இல் நாடாளுமன்றம் இரண்டு வழிகளில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. எந்தச் சட்டத்தில்? நெடுஞ்சாலைகளுக்கு நிதி ஒதுக்கிய போக்குவரத்துச் சட்டத்தில்.

இத்தனை வாதத்திலும் இரு தரப்பும் மேலோட்டமாகத் தொட்டுச் சென்ற ஒரு செய்தி உண்டு. அந்த நடைவழிகளை வெட்டியது யார்? வனத்துறையும் அல்ல, விடுதிக்காரர்களும் அல்ல. அவற்றில் பல ஒஜிப்வே பழங்குடி மக்களும் அவர்களுக்கு முன்னிருந்தவர்களும் நடந்து உண்டாக்கியவை. பிரெஞ்சு உரோம வணிகர்கள் அவற்றின் மேல் பின்னால் வந்தார்கள். 1854ஆம் ஆண்டு லாபாயின்ட் ஒப்பந்தத்தில் ஒஜிப்வேயினர் நிலத்தைக் கொடுத்தார்கள், வேட்டையையும் மீன்பிடியையும் கொடுக்கவில்லை. ஆனால் பழக்கத்தால் உரிமை என்ற கோட்பாடு அரங்கேறியபோது 1940களின் விசைப்படகுச் சுவடு கணக்கில் வந்தது. நூற்றாண்டுகள் பழைய காலடிச் சுவடு 'மனித வேலை கண்ணில் படாத' நிலத்தின் அழகாக மாறிப்போனது. வரலாற்றறிஞர் வில்லியம் குரோனன் 1995இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வனாந்தரக் கருத்தின் இந்தக் குருட்டுப் புள்ளியைத்தான் தாக்கியது. 1989இலேயே ராமச்சந்திர குஹா இந்தியாவிலிருந்து, இந்தக் கருத்தை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால் அடிபடுவது காட்டோர மக்கள் என்று எச்சரித்திருந்தார். இன்று மோட்டார் சங்கங்களின் வக்கீல்களும் இந்த வாதத்தைக் கையில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அது உதவாது என்பதே என் கருத்து. பழங்குடியினர் வெளியேற்றப்பட்டார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய நிலத்தில் பனிவண்டி ஓடலாம் என்ற முடிவுக்குப் போக எந்தத் தருக்கமும் இல்லை.

'முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் எப்படிப் போவார்கள்?' என்ற கேள்வியை இதே கையோடு தள்ளிவிட முடியாது. அது நியாயமான கேள்வி, கேட்பவரின் நோக்கம் எதுவாயினும். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், வீட்டுக்குள் பயன்படத் தக்க சக்கர நாற்காலி எதுவும் வனாந்தரத்தில் தடைக்குள் வராது என்று தெளிவாக்கியது. அது மின்நாற்காலி ஆனாலும் சரி. அதற்கும் முன்பே, 1970களின் இறுதியில், மினசோட்டாவில் 'வில்டர்னஸ் இன்கொயரி' என்ற அமைப்பு சக்கர நாற்காலிக்காரர்களையும் காது கேளாதவர்களையும் தோணியில் பவுண்டரி வாட்டர்ஸுக்குள் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கிவிட்டது. 'மோட்டார் இல்லாவிட்டால் அவர்களால் முடியாது' என்று விசாரணையில் பேசியவர்கள், அவர்களுக்காகப் பேசுவதற்கு முன் அவர்களைக் கேட்டிருக்கலாம்.

யூட்டாவில் சுவடே சாட்சியாகிறது, சுவடே குற்றமுமாகிறது. அந்தப் பாலை மண்ணின் மேல் கறுத்துப் புடைத்த ஒரு மேலோடு படர்ந்திருக்கும். நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் பாசிச்செடியும் மணலைப் பிணைத்து உண்டாக்கியது. அது காற்றில் மண் பறக்காமல் பிடித்துவைக்கிறது. ஒரே ஒரு டயர் ஏறினால் நொறுங்கும். திரும்பப் படரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆக, மினசோட்டாவில் விசைப்படகு போனபின் நீர் மூடிக்கொள்கிறது. யூட்டாவில் மண் மூடிக்கொள்வதில்லை. ஒருவர் ஓட்டிய கோடு அடுத்தவருக்கு வழிகாட்டி. சில ஆண்டுகளில் 'இது எப்போதும் இருந்த பாதை' என்று பேச்சு வந்துவிடும்.

வனாந்தர ஆய்வுப் பகுதிகளில் இந்தச் சிதைவை நில மேலாண்மைப் பணியகம் தடுக்கவில்லை என்று தென் யூட்டா வனாந்தரக் கூட்டணி தொடுத்த வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது. நிலத்தின் வனாந்தரத் தகுதி கெடாமல் பார்க்கும் கடமை பணியகத்துக்கு உண்டு. ஆனால் அதை எப்படி நிறைவேற்றுவது என்பது அதன் விருப்பம், குறிப்பிட்ட ஒரு செயலைச் செய் என்று சட்டம் சொல்லாதவரை நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று நீதிபதி ஸ்காலியா எழுதினார். சட்டநுட்பமாக அது சரியாகவே இருக்கலாம். நடைமுறையில் அதன் பொருள், அறிவிப்புக்குக் காத்திருக்கும் நிலத்தில் காலம் டயரின் பக்கம் நிற்கிறது என்பதே.

யூட்டாவின் ரிக்காப்ச்சர் பள்ளத்தாக்கு இதன் இன்னொரு முகம். அனுமதியின்றி அமைத்த ஏடிவி பாதை மூதாதைப் புவெப்லோ மக்களின் தொல்லிடங்களைச் சிதைத்ததால் 2007இல் பணியகம் அங்கே மோட்டார் வண்டிகளைத் தடைசெய்தது. 2014 மே மாதம், மாவட்ட ஆணையர் ஒருவரின் தலைமையில் எதிர்ப்பாளர்கள் வண்டிகளை உள்ளே ஓட்டிச் சென்றார்கள். அவருக்குப் பத்து நாள் சிறை. 2020 டிசம்பரில் குடியரசுத்தலைவரின் மன்னிப்பு. ஆயிரம் ஆண்டுப் பழைய குடியிருப்பின் மேல் சில ஆண்டுப் பழைய டயர் கோட்டுக்காக 'பரம்பரை உரிமை' பேசப்பட்டது.

2019இல் யூட்டாவின் எமரி மாவட்டத்தில் இருதரப்பும் இணங்கி, 6.6 லட்சம் ஏக்கரை ஒட்டிய நிலப்பரப்பு நாடாளுமன்றத்தில் வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய அறிவிப்புகளின் வரைபடங்களில் ஒரு பழைய உத்தி உண்டு; அதைச் 'செர்ரிக் காம்பு' என்பார்கள். திறந்திருக்கப்போகும் வண்டிப்பாதை வந்ததும் எல்லைக்கோடு வளைந்து, பாதையின் ஒரு பக்கமாகவே உள்ளே போய், அது முடியும் இடத்தைச் சுற்றி, மறுபக்கமாக வெளியே வரும். பாதை வனாந்தரத்தின் நடுவயிற்றில் இருக்கும்; சட்டப்படி அதற்கு வெளியே இருக்கும். அதில் போகும் எஞ்சினின் ஓசை மட்டும் கோட்டைத் தாண்டும். ஓசைக்கும் சட்டம் பொறுப்பாகுமா என்ற கேள்வி மினசோட்டாவில் ஏற்கெனவே நீதிமன்றம் ஏறியது. பவுண்டரி வாட்டர்ஸ் எல்லைக்கு வெளியே, மக்ஃபார்லண்ட் ஏரியிலிருந்து சவுத் ஃபௌல் ஏரிக்குப் போட இருந்த பனிவண்டிப் பாதையின் இரைச்சல் உள்ளே எவ்வளவு கேட்கும் என்று அளந்துவரும்படி 2007இல் நீதிபதி சொன்னார். வனத்துறை அளந்தது, 2015இல் பாதைக்கு அனுமதி நிலைத்தது.