அம்மா கையில் கத்தி: பாண்டியர் வீட்டுப் பங்காளிச் சண்டை

மாலிக் காபூரை மதுரைக்கு யார் கூட்டிட்டு வந்தது? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ரெடியா ஒரு பதில் இருக்கு: சுந்தர பாண்டியன். அப்பாவைக் கொன்னான், சகோதரனோட சண்டை போட்டான், தோத்ததும் டெல்லிக்கு ஓடிப்போய்ப் படையைக் கூட்டிட்டு வந்தான். துரோகி. கதை முடிஞ்சுது.

இந்தக் கதையில அப்பா எங்க இருக்கார்? செத்துப்போன ஆளா மட்டும்தான் இருக்கார். எனக்கு அதுதான் உறுத்தல்.

அப்பா பெயர் மாறவர்மன் குலசேகர பாண்டியன். 1268ல ஆட்சிக்கு வந்தவர். ஏறத்தாழ நாற்பது வருஷம் ஆண்டார். 1279 வாக்கில் கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் ராஜேந்திரனோட கதை முடியுது, சோழ நாடு பாண்டியர் கைக்கு வருது. இவரோட தளபதி ஆரியச்சக்கரவர்த்தி இலங்கைக்குப் போய் யாப்பகுவையில இருந்து புத்தரின் புனிதப் பல்லையே எடுத்துட்டு வந்தார். பிறகு சிங்கள அரசர் பாண்டிய நாட்டுக்கு நேர்ல வந்து பேசித்தான் அதைத் திரும்ப வாங்கிட்டுப் போனார். அரேபிய, பாரசீகத் துறைமுகங்கள்ல இருந்து வருஷத்துக்குப் பத்தாயிரம் குதிரை இந்தக் கரையில இறங்கிச்சுன்னும், ஒரு குதிரை 220 தங்க தினார்னும் வஸ்ஸாஃப் எழுதுறார். வழியில செத்த குதிரைக்கும் இங்கே காசு கொடுத்தாங்களாம். மதுரை கஜானாவுல 1200 கோடி பொன் இருந்ததுன்னும் அவர் சொல்றார். அந்தக் கணக்கை நான் நம்பலை. ஆனா பாரசீகத்துல உட்கார்ந்து எழுதுற ஒருத்தருக்கு மதுரைன்னா பணம்னு தோணியிருக்குன்னு அதுல இருந்து தெரியுது.

இந்த வஸ்ஸாஃபை ஞாபகம் வெச்சுக்கோங்க. மங்கோலியர் ஆட்சியில இருந்த பாரசீகத்தின் அரசு வரலாற்றாசிரியர். மதுரையைக் கண்ணால பார்க்காதவர். அப்பாவைக் கொன்ன கதை நமக்கு இவர் வழியாத்தான் வருது.

அவர் சொல்றது இது. குலசேகரனுக்கு ரெண்டு பையன்கள். சுந்தர பாண்டியன் முறைப்படி கட்டின மனைவிக்குப் பிறந்த மூத்தவன். வீர பாண்டியன் காமக்கிழத்தி வயித்துப் பிள்ளை, இளையவன். ஆனா அப்பாவுக்குச் சின்னவன் மேலதான் பிரியம். கெட்டிக்காரன், துணிச்சல்காரன்னு சொல்லி அவனையே வாரிசா அறிவிச்சுட்டார். கோபப்பட்ட சுந்தரன், 1310ல அப்பாவைக் கொன்னுட்டு மதுரையில முடிசூட்டிக்கிட்டான். அப்புறம் ஒரு ஏரிக்கரையில அண்ணன் தம்பிக்குப் போர். அங்க ஒரு காட்சி வருது பாருங்க: மத்தவன் என்ன ஆனான்னு தெரியாமலே ரெண்டு பேரும் களத்தை விட்டு ஓடியிருக்காங்க.

இப்போ கிரேக்கத்துக்குப் போவோம். இந்தக் கதையைக் கேட்ட உடனே எனக்கு தீப்ஸ் நகரம்தான் ஞாபகம் வந்துச்சு. ஈடிபஸ் கதை தெரிஞ்சிருக்கும். தெரியாம அப்பாவைக் கொன்னு, தெரியாம அம்மாவைக் கட்டிக்கிட்டவர். அவரோட ரெண்டு பையன்கள், எட்டியோகிளிஸ், பாலினைசிஸ். ஈடிபஸ் இவங்களுக்குச் சாபம் கொடுக்கிறார்: அப்பன் சொத்தை நீங்க வாளாலதான் பிரிச்சுப்பீங்க. ஏன் இந்தச் சாபம்? ஒரு பழைய காவியத்தோட துண்டு ஒண்ணுல காரணம் இருக்கு. பலி கொடுத்த மிருகத்துல தனக்கு வர வேண்டிய தோள்கறிக்குப் பதிலா மகன்கள் தொடைக்கறியை அனுப்பிட்டாங்களாம். சிரிக்காதீங்க. பந்தியில நல்ல கறி பெரியப்பா இலைக்குப் போயிடுச்சுன்னு மூணு தலைமுறையா பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம் நம்ம ஊர்ல இல்லையா?

பையன்கள் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வர்றாங்க. ஆளுக்கு ஒரு வருஷம் ஆட்சி. முதல் வருஷம் எட்டியோகிளிஸ். வருஷம் முடிஞ்சது, அவன் இறங்கலை. பாலினைசிஸ் ஆர்கோஸ் நாட்டுக்குப் போய் அந்த ராஜா பொண்ணைக் கட்டிக்கிட்டு, மாமனார் படையோட சொந்த ஊர் மேலயே வர்றான். யூரிபிடிஸ் எழுதின நாடகத்துல அம்மா யொகாஸ்டா இன்னும் உயிரோட இருக்கா. ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசிப் பார்க்கிறா. நடக்கலை. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிறாங்க. அந்த உடம்புகளுக்குப் பக்கத்துல கிடந்த வாளை எடுத்து அம்மாவும் குத்திக்கிட்டுச் சாகிறா.

இந்த அம்மாவை நம்ம பாண்டிய நாட்டுல ஒருத்தர் பார்த்த மாதிரி எழுதியிருக்கார். மார்கோ போலோ.

அவர் இந்தக் கரைக்கு வந்தது 1290கள்ல. இந்த நாட்டை ஒரே தாய்க்குப் பிறந்த அஞ்சு சகோதரர்கள் ஆள்றாங்கன்னு எழுதுறார். அதுல ஒருத்தர் பெயரும் சுந்தர பாண்டியன்தான். நம்ம கதையோட சுந்தரன்னு குழப்பிக்க வேண்டாம், பாண்டியர்கள் நாலஞ்சு பெயரையே திருப்பித் திருப்பி வெச்சுக்கிட்டாங்க. பல பாண்டியர்கள் ஒரே சமயத்துல ஆண்டதைக் கல்வெட்டுகளும் காட்டுது. போலோ சொல்றபடி, அந்த சுந்தரன் தம்பி பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். தம்பி சண்டைக்குக் கிளம்புறான். ஒவ்வொரு தடவை சண்டை கிளம்பும்போதும் அம்மா கையில கத்தியோட நடுவுல வந்து நிப்பாளாம். நீங்க அடிச்சுக்கிட்டா, உங்களுக்குப் பால் கொடுத்த இந்த முலைகளை அறுத்துக்கிட்டுச் செத்துப்போவேன்னு சொல்லுவாளாம். பையன்கள் அடங்கிடுவாங்க. இந்த அம்மா போன பிறகு இவங்க ஒருத்தரை ஒருத்தர் அழிச்சுக்குவாங்கன்னு போலோ சேர்த்து எழுதுறார்.

முலையை அறுத்துக்கிற பேச்சை மதுரைக்காரங்க கிட்ட சொன்னா அவங்களுக்கு வேற ஒரு பெண் ஞாபகம் வருவா. போலோவுக்குக் கண்ணகியைத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை. துறைமுகத்துல யாரோ சொன்ன கதையாத்தான் இது இருக்கணும். ஆனா சொன்னவங்க ஒரு விஷயத்தைச் சரியாப் பிடிச்சிருக்காங்க. இவ்வளவு பெரிய ராஜ்யத்துல, அண்ணன் தம்பி அடிச்சுக்காம இருக்க ஒரு சட்டமோ, சபையோ, ஒப்பந்தமோ அவங்க கண்ணுக்குத் தெரியலை. ஒரு கிழவியும் ஒரு கத்தியும்தான் தெரிஞ்சிருக்கு.

இங்க கொஞ்சம் என் ஊர்க்கதை. நான் கொத்தமங்கலம். செட்டிநாட்டு வீடு பார்க்க வர்றவங்க பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் அவங்களுக்கு வளவைச் சுத்தி இருக்கிற அறைகளைக் காட்டுவேன். நகரத்தார் வழக்கத்துல, மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனை 'வேறு வைப்பாங்க'. வீட்டை விட்டு அனுப்புறது கிடையாது. அதே வீடு, அதே முற்றம், ஆனா தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு சாமான், இவ்வளவு பணம்னு அளந்து கொடுத்திடுவாங்க. கோயில் வரியிலயும் கல்யாணமானவன் தனிப் 'புள்ளி'. கேட்கிறவங்களுக்கு இது என்னடா குடும்பம், பெத்த பிள்ளைக்கு அரிசியை அளந்து போடுறாங்கன்னு தோணும். அப்பச்சிக்கு ஒரு பிள்ளை மேல பிரியம் கூட இருக்கலாம், அதை யாரும் தடுக்க முடியாது. அந்தப் பிரியம் அரிசி மூட்டைக்குள்ள போகாமப் பார்த்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். இதனால செட்டிநாட்டுல சொத்து வழக்கே கிடையாதுன்னு நான் சொன்னா மதுரை ஹைகோர்ட் வக்கீல்கள் சிரிப்பாங்க. ஆனா அண்ணன் தம்பி சண்டை வரும்னு முன்கூட்டியே ஒத்துக்கிட்டு வீட்டைக் கட்டியிருக்காங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கும்.

குலசேகரன் கிட்ட அந்த அளவுபடி இருந்ததா? கல்வெட்டுகளை வெச்சுப் பார்த்தா, வீர பாண்டியனோட ஆட்சியாண்டு 1297ல இருந்து எண்ணப்படுது. சுந்தர பாண்டியனோடது 1303ல இருந்து. ரெண்டு பேரையும் அப்பா ஆட்சியில சேர்த்துக்கிட்டார், ஆனா ஆறு வருஷ இடைவெளி. வஸ்ஸாஃப் சொல்ற மாதிரி சுந்தரன்தான் மூத்தவன்னா, அந்த ஆறு வருஷமும் அவன் தம்பியைப் பார்த்துக்கிட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கான்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. டெல்லி அரசவைக் கவிஞர் அமீர் குஸ்ரோ மாலிக் காபூர் படையெடுப்பைப் பத்தித் தனியா எழுதியிருக்கார். அவர் மூத்தவன் வீர பாண்டியன்னும் இளையவன் சுந்தரன்னும் சொல்றார். அதுவரைக்கும் ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்களாம். அப்படின்னா அந்த ஆறு வருஷத்துல ஓரவஞ்சனையே இல்லை, மூத்தவனுக்கு முதல்ல கிடைச்சிருக்கு. பிறப்பு முறையைப் பத்திக் கல்வெட்டுகள் பேசலை. அப்பாவைக் கொன்னதா கல்வெட்டு எதுவும் சொல்லலை. அதனால அந்தக் கொலையையே சில ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க. என் கட்சி என்னன்னா, யார் மூத்தவன்னு வெளியில இருக்கிறவங்களுக்கே ரெண்டு விதமா போய்ச் சேர்ந்திருக்குன்னா, உள்ளே ரெண்டு தரப்பும் ரெண்டு விதமா பேசிட்டு இருந்திருக்கணும். ரெண்டு பேரும் தனக்குத்தான் உரிமைன்னு உண்மையாவே நம்பியிருக்கலாம். அப்படி நம்ப விட்டது யார்?

சரி, அழைப்பு விஷயத்துக்கு வருவோம். மாலிக் காபூர் 1310 நவம்பர்ல டெல்லியை விட்டுக் கிளம்புறார். அதுக்கு முன்னாடியே தேவகிரி, வாரங்கல் எல்லாம் அலாவுதீன் கில்ஜிக்குக் கப்பம் கட்ட ஆரம்பிச்சாச்சு. தெற்கே பணம் இருக்குன்னு சொல்ல ஒரு பாண்டியன் போக வேண்டிய அவசியமே இல்லை. வழியில ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன். பாண்டியர் சண்டையில ரெண்டு ஊரும் காலியா இருக்கும், கொள்ளையடிக்கலாம்னு இந்தப் பக்கம் வந்துட்டு இருந்தவன், டெல்லிப் படை வருதுன்னு கேட்டதும் திரும்பி ஓடினான். அப்புறம் பணிஞ்சு போய் அவனே அந்தப் படைக்கு வழிகாட்டினான்.

1311 மார்ச்ல தமிழ்நாட்டுக்குள்ள படை நுழையுது. முதல்ல துரத்துறது வீர பாண்டியனை. கடும் மழை, அவன் ஊர் ஊரா நழுவிட்டான், கடைசி வரைக்கும் பிடிக்க முடியலை. அவன் படையில முஸ்லிம் வீரர்களும் இருந்தாங்க, அவங்க டெல்லிப் பக்கம் போயிட்டாங்கன்னு குஸ்ரோவே எழுதுறார். குலசேகரன் காலத்துல இருந்தே காயல் துறைமுகமும் குதிரை வியாபாரமும் முஸ்லிம் அதிகாரி ஒருத்தர் பொறுப்புலதான் இருந்துச்சு. இதை ரெண்டு மதச் சண்டையா சுருக்கிச் சொல்றவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஏப்ரல் 10ஆம் தேதி படை மதுரைக்கு வந்து சேருது. ஊர் காலி. சுந்தர பாண்டியன் ராணிகளைக் கூட்டிட்டு ஏற்கெனவே தப்பிப் போயிட்டான். கோயில்ல ரெண்டு மூணு யானைதான் மிச்சம். ஆத்திரத்துல கோயிலுக்குத் தீ வெச்சாங்க. அழைச்சவன் எதுக்கு ஓடணும்? அழைச்சவன் ஊரை எதுக்குக் கொளுத்தணும்? சுந்தரன் அலாவுதீன் கிட்ட அடைக்கலம் போனான்னு வஸ்ஸாஃப் எழுதினதுதான் இந்தக் குற்றச்சாட்டுக்கு முழு முதல். கூடவே இருந்தவங்க கிட்ட கேட்டு எழுதின குஸ்ரோ அப்படி ஒரு வார்த்தை சொல்லலை. 512 யானை, 5000 குதிரை, மணிகள், முத்துகளோட படை அக்டோபர்ல டெல்லி திரும்பிச்சு.

அண்ணன் தம்பி இதுக்கப்புறமாவது சேர்ந்தாங்களா? இல்லை. அடுத்து வேணாட்டு ரவிவர்மன் குலசேகரன் காஞ்சிபுரம் வரைக்கும் போனார். வடக்கே இருந்து காகதீயப் படை காஞ்சிக்கு வந்துச்சு. 1323ல உலுக் கான், 1330கள்ல மதுரையில தனி சுல்தானகம். அந்தப் பாண்டியர்கள் தென்கோடிக்கு ஒதுங்கினாங்க, தென்காசி வரைக்கும்.

தீப்ஸ்ல சண்டை முடிஞ்சதும் கிரியோன் ஒரு ஆணை போடுவான். எட்டியோகிளிஸுக்கு மரியாதையோட அடக்கம், வெளிநாட்டுப் படையைக் கூட்டிட்டு வந்த பாலினைசிஸ் உடம்பை நாய்க்கும் கழுகுக்கும் விட்டுடணும். தங்கச்சி ஆண்டிகனி அதை மீறி அவன் மேல மண்ணைத் தூவுவா. அதுக்காகச் சாவா. வாக்கு மீறினவன் எட்டியோகிளிஸ்தான்னு அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சுந்தர பாண்டியனுக்கு எழுநூறு வருஷமா ஒரு ஆண்டிகனி கிடைக்கலை. அவன் நல்லவன்னு நான் வாதாடலை. அப்பாவைக் கொன்னது நிஜமா இருந்தா அது கொலைதான். கேஸ்ல மத்த பேரையும் சேருங்கன்னுதான் கேட்கிறேன்.

கடைசியா, எங்க பக்கத்துல இருக்கிற ஒரு கல்வெட்டு. காரைக்குடிக்குப் பக்கத்துத் திருப்பத்தூர். வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை, மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர். அங்க சிவன் கோயில்ல 14ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. டெல்லி வழிவந்த படைகள் கோயிலுக்குள்ள முகாம் போட்டதுல கோயில் பாழாச்சு, ஊர்க்காரங்க அல்லாடினாங்க. சூரைக்குடி விசாலயதேவன்ங்கிற சிற்றரசர் கோயிலைச் சரி பண்ணிக் கொடுத்தார். அதுக்குப் பதிலா ஊர்க்காரங்க ஒவ்வொருத்தரும் தங்கள் விளைச்சல்ல இருந்து இவ்வளவு தானியம் அவருக்கு அளந்து கொடுக்கிறதா ஒப்புக்கிட்டுக் கல்லுல வெட்டி வெச்சாங்க. வயல்ல நின்னு அந்தத் தானியத்தை அளந்தவங்கள்ல யாரும் குலசேகரனோட எந்த மகன் மூத்தவன்னு கேட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணலை.