திருவேற்காடு: ஏரிக் காப்பும் எல்லை விவாதமும்

உயிர்ப்பன்மையைக் காக்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. எதுவரை, யார் செலவில் என்பதில்தான் வழக்கு. கூவம் கரையில் அமைந்த திருவேற்காட்டில் அது ஏரிகளைச் சுற்றி நடக்கிறது.

இப்பகுதி ஏரிகள் பாசனத்துக்கு உருவானவை. ஏரியால் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்கள் இருந்தவரை வரத்துக்காலும் மதகும் கலங்கலும் பராமரிக்கப்பட்டன. நாரையும் நீர்க்கோழியும் அந்தத் தயவில் வாழ்ந்தன. இந்த உறவுக்குச் சிறந்த சான்று வேடந்தாங்கல். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்பதால் வேட்டையை ஊராரே எதிர்த்தார்கள். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ் வேட்டையைத் தடுக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. 2020இல் அதை 3 கிலோமீட்டராக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது.

திருவேற்காட்டு வயல்கள் மனைகளானபின் ஏரிக்காகப் பரிந்து பேச ஆளில்லை. கோடையில் நீர் இறங்க, உள்ளான் பறவைகள் இரை தேடும் கரையோரச் சேறு காய்ந்து வெறும் தரையாகத் தெரியும். முதலில் பறிபோவது அந்தத் தரைதான்.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 2010ஆம் ஆண்டின் மத்திய ஈரநில விதிகளில் ஏரி, குளங்கள் இருந்தன. 2017ஆம் ஆண்டு விதிகள் பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் அமைத்த நீர்நிலைகளை விலக்கிவிட்டன. தமிழ்நாட்டு ஏரிகளில் பெரும்பாலானவை இப்படி விடுபட்டது பெரும் பிழை. 2022இல் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச ஈரநிலத் தலமானது. அவ்வாண்டே மாண்ட்ரியல் உயிர்ப்பன்மை மாநாட்டில், 2030க்குள் நிலத்திலும் உள்நாட்டு நீர்ப்பரப்பிலும் கடலிலும் 30 விழுக்காட்டைக் காக்க நாடுகள் உடன்பட்டன. பெயர்பெற்ற சதுப்புநிலத்துக்குக் கிடைத்த கவனம் ஊர் ஏரிகளுக்குக் கிடைக்கவில்லை.

ஊர் ஏரிக்கு மிஞ்சியது 2007ஆம் ஆண்டின் மாநில ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். அது வீடு எழும்பியபின் இடிக்க வருகிறது. 2024இல் திருவேற்காட்டின் கோலடி ஏரியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது குடியிருந்தோர் போராடினார்கள். மின் இணைப்பும் வீட்டுவரி ரசீதும் தந்தபோது தெரியாத ஏரி இப்போது எப்படித் தெரிந்தது என்பது இத்தகைய குடியிருப்புகளில் எழும் கேள்வி. அதில் நியாயம் உண்டு. ஏரிக்கு அந்த நிலம் வேண்டும் என்பதும் நியாயமே. முழுக் கொள்ளளவில் நீர் நிற்கும் எல்லைவரை முன்பே கல் நட்டு, பத்திரப் பதிவிலேயே விற்பனையைத் தடுத்திருந்தால், சேமிப்பைக் கொட்டி வீடு கட்டியவர்கள் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள்.