கிணற்று நீரில் எண்ணெய்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் பெரியவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். கொதித்தால் கிருமி சாகும். ஆனால் எண்ணெய் கலந்த தண்ணீர் கொதித்தாலும் நல்ல தண்ணீர் ஆகிவிடாது. அப்படிக் கெட்ட கிணறுகளின் வரலாற்றை இன்று காண்போம்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்கு வந்து குடியேறியவர்களில் யாழ்ப்பாணத்தார் பலர். அவர்களுடைய சொந்த மண்ணில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணற்றுக்கு வரும். மேலே சிந்துவதும் அதே வெடிப்பு வழியாகக் கீழே இறங்கும்.

அங்கே சுன்னாகத்தில் எண்ணெயால் இயங்கும் மின்நிலையம் இருந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் வாடை வீசுவதாக மக்கள் முறையிட்டார்கள். 2013, 2014-ஆம் ஆண்டுகளில் நீர் வழங்கல் சபை கிணறு கிணறாகச் சோதித்தது. பல கிணறுகளில் எண்ணெய் அளவுக்கு மேல் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரல் 4-இல், மக்களின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்ய 2 கோடி இலங்கை ரூபாய் கொடுக்கும்படி அந்தத் தனியார் மின் நிறுவனத்துக்கு உத்தரவாயிற்று.

சோதனை எப்படி நடக்கிறது? தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து, குளிர்ச்சி குறையாமல் ஆய்வுக்கூடம் சேர்ப்பார்கள். எண்ணெயைக் கரைக்கும் திரவத்தை அதில் ஊற்றிக் குலுக்கி, பிரித்தெடுத்து, அது ஆவியான பின் மிஞ்சும் எண்ணெயை நிறுப்பார்கள். பென்சீன் போன்ற நஞ்சைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும். லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. இரத்தப் புற்றுநோய் தரக்கூடிய அந்த நஞ்சு, இவ்வளவு சிறிய அளவில் கண்ணுக்கும் தெரியாது, நாவுக்கும் தெரியாது.

எண்ணெய்க்காகத் துளை போடும் ஊர்களிலும் சோதனை இதுவே. தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் 2017 ஜூன் 30-இல் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் பரவியது. இத்தகைய ஊர்களில் துளை போடுமுன்பே கிணறுகளைச் சோதித்துக் கணக்கை எழுதி வைக்க வேண்டும். முன்கணக்கு இல்லாவிட்டால், கேடு எப்போது வந்தது என்று பின்னால் நிரூபிப்பது கடினம்.

இது நமக்குத் தூரத்துக் கதை அன்று. 2020 செப்டம்பர் 3-இல் ரவாங் பக்கத்து ஆற்றில் கழிவு கலந்து துர்நாற்றம் வீசியதால், சிலாங்கூர் ஆற்றை நம்பிய 4 சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றன. கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கும் ஏறக்குறைய 12 லட்சம் கணக்குதாரர்களுக்குக் குழாய்நீர் தடைப்பட்டது. அங்கே வாடைதான் முதல் சாட்சி.

ஆகவே நேயர்களே, கிணற்றிலோ குழாயிலோ எண்ணெய் வாடை அடித்தால், வடிகட்டிப் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. குடிப்பதை நிறுத்துவோம், நாளையும் நேரத்தையும் குறித்து வைப்போம், அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் முறையிடுவோம். சுன்னாகத்தில் சோதனைக்கு வழி திறந்தது சாதாரணக் குடும்பங்களின் முறையீடுதான்.