வாட்ச்சுக்குச் சாவி கொடுத்த கதை

வாட்ச்சுக்குச் "சாவி கொடுப்பது" என்று சொல்கிறோம். "கீ கொடுத்தாச்சா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கைக்கடிகாரத்தில் சாவி இருக்கிறது? பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குமிழைத்தான் திருகுகிறோம். பிறகு ஏன் சாவி? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிஜமாகவே சாவி இருந்தது, அதனால்தான். பொருள் போய்விட்டது, சொல் மட்டும் வாயில் தங்கிவிட்டது.

இந்தச் சாவி விவகாரத்தில் தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் உப்பளம், இரண்டுக்கும் நடுவில் வீசுவது உப்புக் காற்று. சைக்கிள் செயின், ஜன்னல் கொக்கி, கேட் தாழ்ப்பாள்.. இரும்பு என்று எது இருந்தாலும் இந்த ஊரில் துருதான். வாட்ச்சுக்குள் இருக்கும் எஃகு மட்டும் தப்புமா? உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் சாவி கொடுக்கும்போது, மணலைப் போட்டு அரைப்பதுபோல விரலில் 'நறநற'வென்று தட்டுப்படும். ஆயிரம் ரூபாய் வாட்ச்சோ ஐந்து லட்ச ரூபாய் வாட்ச்சோ, அறிகுறி ஒன்றுதான்.

ஏன் முதலில் அங்கே தெரிகிறது? வாட்ச்சின் முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் மூடி. இரண்டையும் இறுக்கி மூடிவிடலாம். ஆனால் சாவி கொடுக்கும் குமிழின் தண்டு உள்ளே போக ஓர் ஓட்டை வேண்டும். தினமும் திருகுவதால் அந்த ஓட்டையை அடைக்கவும் முடியாது. தூசி, வியர்வை, ஈரம், உப்பு எல்லாமே பெரும்பாலும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. சாவி கொடுப்பதன் வரலாறு என்பது இந்த ஒரு ஓட்டையோடு மனிதர்கள் போட்ட சண்டையின் வரலாறுதான் என்றால் மிகையில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். குமிழைத் திருகினால் தண்டு சுழலும். தண்டில் இரண்டு சிறு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவற்றின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு திசையில் திருகினால் கவ்வும், எதிர்த் திசையில் வழுக்கிவிடும். கவ்வும்போது சுழற்சி மேலே உள்ள கிரௌன் வீலுக்குப் போய், அங்கிருந்து ராட்செட் வீலுக்குப் போய், மெயின் ஸ்பிரிங்கைச் சுருட்டும். சுருட்டிய ஸ்பிரிங் திரும்ப அவிழாமல் ஒரு சின்னக் கொக்கி தடுக்கும். நம் காதில் விழும் 'கிர்ர் கிர்ர்' சத்தம் அந்தக் கொக்கி பல்லுக்குப் பல் தாவுகிற சத்தம்தான். இவ்வளவும் ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவுக்குள்!

சாவிக் காலத்தில் இந்தத் தண்டே கிடையாது. பாக்கெட் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்து, தனிச் சாவியை நுழைத்து முறுக்க வேண்டும். சாவி தொலைந்தால் வாட்ச் நின்றுபோகும். மூடியைத் தினமும் திறப்பதால் தூசியும் தினமும் போகும். பிரான்ஸைச் சேர்ந்த அட்ரியன் பிலிப் என்ற கடிகாரக் கலைஞர் குமிழாலேயே முறுக்கும் முறையை உருவாக்கி 1844-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். அதைப் பார்த்துத்தான் படேக் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இன்று கோடிகளில் விலை போகும் 'படேக் பிலிப்' என்ற பெயரில் பின்பாதி, சாவியை ஒழித்த மனிதருடையது.

ஆனால் சாவி ஓர் இடத்தில் மட்டும் ஒழியவில்லை: கப்பலில். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிடத் துல்லியமான நேரம் வேண்டும். அதற்கென்று மரப்பெட்டியில் வைக்கப்பட்ட குரோனோமீட்டருக்கு இருபதாம் நூற்றாண்டிலும் சாவிதான். நெடுந்தூரக் கப்பல்களில் தினமும் ஒரே நேரத்தில், கடிகாரத்தை மெல்லக் கவிழ்த்து, அடிப்பக்க ஓட்டையின் மேலிருக்கும் சின்னத் தகட்டைத் தள்ளி, சாவியை நுழைத்து முறுக்குவார்கள். இரண்டு நாள் ஓடும் வகைக்கு ஏழரைச் சுற்று என்பது கணக்கு. சாவியை எடுத்ததும் தகடு தானாக ஓட்டையை மூடிக்கொள்ளும். கடல்காரர்களுக்கு அந்த ஓட்டையின் ஆபத்து தெரிந்திருந்தது!

கைக்கடிகாரம் வந்ததும் பிரச்சினை முற்றியது. பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது கைக்கு வந்து மழையையும் வியர்வையையும் சந்தித்தது. முதல் உலகப் போர்க்களச் சேற்றில் ஊறிய வாட்ச்சுகளின் கதியைச் சொல்லவே வேண்டாம். போருக்குப் பின் இங்கிலாந்துக்கு அருகில் உள்ள ஐல் ஆஃப் மேன் தீவில் வாட்ச் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஜான் ஹார்வுட், கெட்டுப்போய் வரும் வாட்ச்சுகளில் பல இந்த ஓட்டையால்தான் கெடுகின்றன என்று கண்டார். அவர் செய்த வைத்தியம் அதிரடியானது. ஓட்டையே வேண்டாம்! கை அசையும்போது உள்ளே ஒரு எடை ஆடி ஸ்பிரிங்கைத் தானே முறுக்கும். முள்ளைத் திருப்ப, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைச் சுழற்றினால் போதும். 1924-ல் ஸ்விஸ் காப்புரிமை பெற்றார். யோசனை என்னவோ அருமை. ஆனால் பெரும் பொருளாதார மந்தம் வந்து 1931-ல் கம்பெனி திவாலானது. (நல்ல சரக்கு இருந்தும் காலம் சரியில்லாமல் மூழ்கிய கம்பெனிகளுக்கு வணிகவியல் வகுப்பில் சொல்ல ஏற்ற உதாரணம்.)

இன்னொரு வைத்தியம், ஓட்டையை வைத்துக்கொண்டே அதற்கு மரை போட்டு மூடுவது. பெர்ரெகோ, பெர்ரே என்ற இரண்டு ஸ்விஸ்காரர்கள் 1925-ல் காப்புரிமை எடுத்த அந்த யோசனையை விலைக்கு வாங்கியவர் ரோலெக்ஸ் நிறுவனர் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப். 1926-ல் வந்த அந்த வாட்ச்சுக்கு அவர் வைத்த பெயர் 'ஆய்ஸ்டர்'. அதாவது, சிப்பி! முத்துக்குளித்த கரைக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை.

1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை இந்த வாட்ச்சோடு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று சொல்வது வழக்கம். உண்மை கொஞ்சம் வேறு. அவர் கடந்தது அக்டோபர் 7-ல். வாட்ச் கூடப் போனது இரண்டு வாரம் கழித்து, தான் கடந்ததை நிரூபிக்க அவர் மீண்டும் நீந்தியபோது. அந்த முறை குளிர் தாங்காமல் பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் வாட்ச் நிற்கவில்லை. நவம்பரில் லண்டன் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம்.

விளம்பரம் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. கடலுக்கடியில் கிடக்கும் சிப்பியும் மூச்சுவிட வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். 1926-ன் ஆய்ஸ்டரும் அப்படியே. அது கையால் சாவி கொடுக்கும் வாட்ச். தினமும் மரையைக் கழற்றி, சாவி கொடுத்து, மறுபடி மூட வேண்டும். ஒரு நாள் சரியாக மூட மறந்தால் அவ்வளவுதான். தினமும் கழற்றிப் பூட்டினால் மரையும் தேயும். 1931-ல் ரோலெக்ஸ் தானாக முறுக்கிக்கொள்ளும் ரோட்டரைக் கொண்டுவந்ததும்தான் அந்தச் சிப்பி நிம்மதியாக வாயை மூடிக்கொண்டது.

1953-ல் பிளாங்பெயின் நிறுவனத்தின் ஃபியெக்டர், தானே ஒரு முக்குளிப்பவர், இன்னொரு வழியைப் பிடித்தார். மரைக்குப் பதில் தண்டில் இரண்டு ரப்பர் வளையங்கள். அத்தோடு தானியங்கி முறை. குமிழைத் தொடத் தொட வளையம் தேயும், எனவே தொடவே அவசியம் வரக்கூடாது என்பது அவர் கணக்கு. அந்த வாட்ச்சின் பெயர் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்'. நம் கடற்கரைப் பேச்சில் சொன்னால் ஐம்பது பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. ஐம்பது பாகம் என்றால் 91 மீட்டர்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி கிடக்கும் 'பார்'கள் பத்துப் பாகத்தைச் சுற்றிய ஆழத்தில் இருப்பவை. பரதவரும் கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் முக்குளிப்போரும் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் இறங்குவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம். கையில் வாட்ச் ஏது? கயிற்றைச் சுண்டியதும் மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பது மச்சானாகத்தான் இருக்கும் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பாராம்!

1955-ல் தொடங்கிய முத்துக்குளிப்பு வரிசை 1961-ல் முடிந்தது. அதற்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. அதே 1961-ல்தான் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனக் கூட்டோடு பெங்களூரில் எச்.எம்.டி. தன் முதல் வாட்ச்சுகளைத் தயாரித்து, நேரு வெளியிட்டார். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பு இல்லைதான். ஆனாலும் இந்தக் கரையில் சிப்பி மூடிக்கொண்ட வருடமும் சாதாரண மனிதன் கையில் சாவி வந்த வருடமும் ஒன்றாகிப்போனது விசித்திரம்தான்.

எச்.எம்.டி. ஜனதாவைப் பற்றித் தெரியாதவர் குறைவு. பதினேழு கல், தினமும் சாவி. அதுவரை நல்ல வாட்ச் என்றால் ஃபாவ்ரே லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற வெளிநாட்டுச் சரக்குதான். இறக்குமதிக் கட்டுப்பாடு வந்ததும் கடத்தல் வாட்ச் ஒரு தனி வியாபாரமானது. கடத்தி வந்ததற்குக் கேரண்டி கார்டு ஏது? பழுதானால் தெருமுனை மெக்கானிக்தான் கதி. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, முழங்கை அளவு மேஜையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள்தான் ஸ்விஸ் தொழிற்சாலைக்கும் நம் ஊருக்கும் நடுவே இருந்த ஒரே பாலம். எச்.எம்.டி. அவர்களுக்கு இன்னொரு வசதியைத் தந்தது. ஒரே வகை இயந்திரம் லட்சக்கணக்கில் ஓடியதால், செத்த வாட்ச்சின் தண்டைக் கழற்றி உயிருள்ள வாட்ச்சுக்குப் போடலாம்.

பிறகு குவார்ட்ஸ் வந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானில் சைக்கோ ஆரம்பித்துவைத்ததை, டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரிலிருந்து வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. பேட்டரி போட்டால் போதும், சாவியே வேண்டாம். ஓட்டையோடு நடந்த சண்டையில் இது பெரிய வெற்றி, ஏனென்றால் குமிழைத் தொடும் வேலையே மிகக் குறைந்துவிட்டது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சாவி கொடுக்கும் வாட்ச் ஒழிந்ததா என்றால் இல்லை, ஆடம்பரப் பொருளாகத் திரும்பி வந்திருக்கிறது. அந்த 'நறநற'வும் கூடவே வந்திருக்கிறது. பல காரணங்கள் இருக்கலாம். நறநறவென்றால் எண்ணெய் காய்ந்திருக்கும், அல்லது தண்டில் துரு. திருகும்போது அவ்வப்போது வழுக்கினால் அந்தச் சாய்வுப் பற்கள் தேய்ந்திருக்கும். கையால் முறுக்கும் வாட்ச் எவ்வளவு திருகியும் இறுகவே இல்லையென்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கும் (தானியங்கியில் இறுகி நிற்காதது இயல்பு, பயப்பட வேண்டாம்). தானியங்கியில் சாவி கொடுக்கும்போது உள்ளே ரோட்டர் விர்ரென்று சுற்றினால், திசை மாற்றும் சக்கரங்களில் கோளாறு. எதுவானாலும் பலம் கொடுத்துத் திருகக் கூடாது. கையில் கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் வளையும், எனவே கழற்றிவிட்டுத் திருகுவது நல்லது. குமிழை இழுத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடும் வைத்தியம் இருக்கிறதே, அது கொலைக்குச் சமம். எண்ணெய் பரவி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, ஹேர் ஸ்பிரிங் வரை போய் ஒட்டிக்கொள்ளும். பிரித்துக் கழுவி, சரியான இடத்தில் சரியான எண்ணெய் போடுவது ஒன்றுதான் வழி. பிரிப்பவருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். பல வாட்ச்சுகளில் கிரௌன் வீலின் திருகு இடப்பக்க மரை. வழக்கம்போலக் கழற்றப் பார்த்தால் முறிந்துவிடும்.

விவரம் தெரிந்த மெக்கானிக் கிடைத்தாலும் இன்று வேறொரு தடை. தேய்ந்த ஒரு பற்சக்கரம் வேண்டும் என்றால் பல ஆடம்பரக் கம்பெனிகள் வெளியாளுக்கு விற்பதில்லை, தங்கள் சர்வீஸ் சென்டருக்குத்தான் கொண்டுவரச் சொல்கின்றன. இதை எதிர்த்து ஐரோப்பியக் கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004-ல் புகார் கொடுத்தது. பத்தாண்டு இழுத்து 2014-ல் ஐரோப்பிய ஆணையம் தள்ளுபடி செய்தது. 2017-ல் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஐரோப்பாவில் கடை வைத்திருப்பவருக்கே இந்த நிலை. இந்தியாவும் ஸ்விட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா நாடுகளும் 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி ஸ்விஸ் வாட்ச்சுகள் மீதான சுங்க வரி படிப்படியாகக் குறைகிறது. வாட்ச் மலிவாகும். பற்சக்கரம் கிடைக்குமா என்பது அந்த வரிக் கணக்கில் வராது.

ஆகவே உப்புக் காற்றில் துருப்பிடித்த தண்டுக்காக ஒரு ஐந்து லட்ச ரூபாய் வாட்ச் தூத்துக்குடியிலிருந்து பார்சலில் பெருநகரத்துக்குப் போய், சில சமயம் அங்கிருந்து ஸ்விட்சர்லாந்துக்கும் போய், மாதக் கணக்கில் கழித்துத் திரும்புகிறது. பழைய ஜனதாவுக்கு அதே கோளாறு வந்தால், மெக்கானிக் டப்பாவைத் திறந்து, பத்துப் பழைய தண்டுகளில் ஒன்றைப் பொறுக்கிப் போட்டு, சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்.