தைப்பிங்கில் பிறந்தவரும் கொட்டகலையில் பிறந்தவரும்

பல்கலைக்கழக விடுதியில் முதலாம் வருடம். என்னோடு ஒரே அறையில் இருந்தவர் கொட்டகலைப் பக்கத்து அக்கா ஒருவர். ஒருநாள் ஏதோ ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். 'இனம்' எண்ட இடத்துக்கு வந்ததும் அவர் பேனையை நிறுத்திவிட்டார். நான் பெரிய உதவி செய்கிற நினைப்பில், "நீங்கள் இந்தியத் தமிழ்தானே அக்கா, அதைப் போடுங்கோவன்" எண்டு சொல்லிப்போட்டன்.

அவர் கோபிக்கவில்லை. "எங்க தாத்தா பொறந்தது கொட்டகலைல. உங்க தாத்தா எங்க பொறந்தாரு?" என்று மட்டும் கேட்டார்.

எங்கட அப்பப்பா பிறந்தது மலாயாவில், தைப்பிங்கில். பூட்டன் அங்கே ரயில்வேயில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் இப்படிக் குடும்பங்கள் கனக்க இருக்கு. 'மலாயன் பென்சனியர் வீடு' எண்டால் ஒரு காலத்தில் ஊரில் தனி மதிப்பு. அப்பப்பா யாழ்ப்பாணத்தை முதன்முதலாகப் பார்த்ததே உலக யுத்தம் முடிந்த பிறகுதான். ஆனால் அவர் இலங்கைத் தமிழர். கொட்டகலையில் பிறந்து, அங்கேயே கொழுந்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் வாழ்ந்து, அந்த மண்ணுக்குள்ளேயே போனவர் இந்தியத் தமிழர். இதை நான் அதுவரை ஒரு கேள்வியாகவே நினைத்ததில்லை.

1948ஐப் பற்றி நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது ஒரே வரி: மலையக மக்களின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. யார் பறித்தது என்று கேட்டால், சிங்கள அரசாங்கம். பிழையில்லை. டி.எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம்தான் கொண்டுவந்தது. ஆனால் அந்த ஒரே வரியோடு நிறுத்திவிடுவது எங்களுக்கு வசதியாகவும் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்தால் முதலில் திகைக்கவைப்பது, அதில் 'தமிழர்' என்ற சொல்லே கிடையாது என்பதுதான். 'இந்தியர்' என்றும் இல்லை. அது கேட்பதெல்லாம் பிறப்பிடங்களைத்தான். இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜையாக வேண்டுமென்றால் அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்கும் வழி இருந்தது: தகப்பனும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தால் போதும். எங்கட அப்பப்பா நுழைந்த கதவு இதுதான். பூட்டன் பிறந்தது மானிப்பாய், அவருடைய தகப்பன் பிறந்ததும் மானிப்பாய். கதை முடிஞ்சுது. தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவேயில்லை. இலங்கையில் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை வரலாம் என்று சட்டம் மாறியது 2003இல்தான்.

அக்காவின் தாத்தாவுக்குக் கொட்டகலைப் பிறப்பு இருந்தது. தகப்பன் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். அதனால் இல்லை.

தகப்பனும் இங்கேயே பிறந்த குடும்பங்கள் மலையகத்தில் அந்தக் காலத்திலேயே ஏராளம். 1820களில் கோப்பிக்காக ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கியாயிற்று. 1948 என்பது நூறு வருடங்களுக்கும் மேலே. ஆனால் அதைக் காட்டக் கடதாசி வேண்டுமே. பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்கத் தொடங்கியதே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போய் வந்த பெண்களும் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால் வன்னியில், மட்டக்களப்பில், அம்பாந்தோட்டையில் அன்றைக்கு எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்திருக்கும்? வித்தியாசம் என்னவென்றால், அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்று. கேள்வி சிலருக்கு மட்டும்.

தோட்டத்து மக்களுக்குக் கடதாசியோடு பழைய உறவு ஒன்றும் உண்டு. அதுக்குப் பேர் 'துண்டு'. கங்காணியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921இல் அந்த முறையை ஒழித்தார்கள். 27 வருடம் கழித்து நாடே ஒரு துண்டு கேட்டது.

இதை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போனார்கள். அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. ருவன்வெல்லைத் தேர்தல் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்க மறுத்ததை எதிர்த்துக் கொடக்கன்பிள்ளை என்பவர் முறையிட்டார். மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை போய் 1953இல் தோற்றது. ஒரு நாடு தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது இயல்பான விசயம், இது ஒரு சமூகத்தைக் குறிவைத்த சட்டம் அல்ல என்பதுதான் தீர்ப்பின் சாரம். சட்டத்தில் சமூகத்தின் பெயர் இல்லையே! பெயர் சொல்லாமல் ஒரு சனத்தையே வெளியில் விடலாம் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

இனி, நாங்கள் கதைக்க விரும்பாத பகுதி.

ஜீ.ஜீ. பொன்னம்பலம் மலையக மக்களின் உரிமையைப் பறிக்கக் கை தூக்கினார் என்று தேர்தல் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். இல்லவே இல்லை, எதிர்த்துத்தான் வாக்களித்தார் என்று மற்றப் பக்கம் கத்துவதையும் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே அரைவாசி உண்மை. 1948 ஓகஸ்ட்டில் வந்த முதல் சட்டமூலத்தைத் தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது. செப்ரெம்பரில் பொன்னம்பலம் அமைச்சரானார்: கைத்தொழில், மீன்பிடி. டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலம் வந்தபோது அரசாங்கத்தோடு நின்று ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்தார், அடுத்த வருடம் டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இன்றைக்கு அவர்கள்மேல் பாய்வது நாளைக்கு எங்கள்மேலும் பாயும் என்ற அவருடைய வாதம் 1956இல் பலித்தது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த வாதத்திலேயே ஒரு சின்னக் குறை தெரிகிறது. 'எங்களுக்கும் வரும்' என்பதால் மட்டுமா அது அநியாயம்? எங்களுக்கு வராமலே போயிருந்தால்?

சி. சுந்தரலிங்கத்தின் கதை இன்னும் சிக்கல். அவரும் அப்போது அமைச்சர். அந்த டிசம்பர் விவகாரத்தில் அரசாங்கத்தோடு முரண்பட்டுப் பதவியையே விட்டவர். அதே மனிதர் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் வரக்கூடாது என்று வாசலில் நின்று தடுத்தார். தோட்டங்களுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் தமிழ்நாட்டின் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கொழும்பு நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகப் பதவி துறக்க முடிந்தது. தன் ஊர்க் கோயிலில் அவர்களைப் போன்றவர்களோடு தோளுரசி நிற்க முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மலையகத்தோடு இருந்த தூரத்தை மொழியாலும் மாகாணத்தாலும் மட்டும் அளக்க முடியாது.

எங்கட ஆக்களை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நேர்மையில்லை. 1948இல் இடதுசாரிகள் இந்தச் சட்டத்தை உறுதியாக எதிர்த்தார்கள். 1947 தேர்தலில் தோட்ட வாக்குகள் பல தொகுதிகளில் அவர்களுக்குக் கைகொடுத்திருந்தன, அரசாங்கம் அவசரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 1964 ஒக்ரோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா அதே அரசாங்கத்தின் நிதியமைச்சர்.

அந்த ஒப்பந்தம் ஒரு கணக்கு. மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருடைய பெயர் எந்தப் பக்கம் என்பதில் அந்தச் சனத்தின் பிரதிநிதிகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா வீட்டில் நடந்ததை அவர் சொல்லித்தான் தெரியும். தாத்தா 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்திருக்கிறார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் பகிஷ்கரிக்கச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில்தான் விண்ணப்பிக்கச் சொன்னது. இறுதித் திகதி 1951 ஓகஸ்ட் 5. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. கலியாணம் கட்டியவர் என்றால் 1946க்கு முந்திய ஏழு வருடம், கட்டாதவர் என்றால் பத்து வருடம், விடாமல் இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். தாத்தா தன் தகப்பனின் காரியத்துக்காக ஊருக்குப் போய், நோயில் விழுந்து, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டார். வசிப்புத் தொடர்ச்சி அறுந்ததாம். நிராகரிப்பு.

ஒப்பந்தத்துக்குப் பிறகு தாத்தாவின் அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரம், அங்கிருந்து நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தமிழ்நாட்டு அரசு திறந்த தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து. "இங்க இருந்தப்ப இந்தியாக்காரன். அங்க போனதும் சிலோன்காரன்" என்று சொல்லி அக்கா சிரித்தார். நான் சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் இருந்தேன். தாத்தா போகவில்லை. நாடற்றவராகவே வயதாகி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பிரஜையாகி, ஒரே ஒரு தேர்தலில் வாக்களித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் காசு செலவழிக்கச் சட்டத்தில் இருந்த தடை நீங்கியது 2018இல். லயத்துக்கு வரவேண்டிய கடிதம் தோட்ட ஒப்பீசுக்குப் போய், அங்கே கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகளை மலையகத்து நண்பர் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

வடக்குக்கு வந்தவர்களின் கதையும் இருக்கிறது. 70களின் பஞ்சத்துக்கும் 1977 கலவரத்துக்கும் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. இராசசுந்தரமும் டேவிட்டும் நடத்திய காந்தீயம் அவர்களைக் குடியேற்றப் பாடுபட்டது. இராசசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடையில் கொல்லப்பட்டார். காடு வெட்டியது அந்தச் சனம். கடைசி யுத்தத்தில் எங்களோடு சேர்ந்து செத்ததும் அந்தச் சனம். காணிக்கு உறுதி இல்லாமல் இன்றைக்கும் அலைகிறவர்களில் அவர்கள் நிறைய. சண்டை வந்தால் எங்கட வாயில் முதலில் வருவது 'தோட்டக்காட்டான்'. வீட்டு வேலைக்கு மலையகத்திலிருந்து 'ஒரு பிள்ளையை எடுத்துவிட்டிருக்கிறம்' எண்டு சொந்தக்காரர் சாதாரணமாகக் கதைத்ததைச் சின்ன வயதில் நானும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்து எண்ணத் தொடங்கியது 1911 குடிசனக் கணக்கெடுப்பு. 2024 கணக்கெடுப்பில்தான் 'மலையகத் தமிழர்' என்ற சொல்லும் பக்கத்தில் சேர்ந்தது. அது அவர்கள் கேட்டுப் பெற்ற சொல். அந்தப் படிவத்தில் அக்கா கடைசியில் என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

போன விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். பொலித்தீன் பையில் சுற்றிய கடதாசிகள்: நிராகரிப்புக் கடிதம், தாத்தாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், நீலகிரியிலிருந்து வந்த நீலநிறக் கடிதங்கள், அவருக்குக் கிடைத்த பிரஜாவுரிமைச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று பிரதி. "யாரு எப்ப கேப்பாங்கன்னு தெரியாதுல்ல" என்றார் அவருடைய அம்மா.

அன்று இரவே அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்து, அப்பப்பாவின் தைப்பிங் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எங்கே என்று கேட்டேன்.

"அது எங்கையெண்டு ஆருக்குத் தெரியும் பிள்ளை? இடம்பெயர்வோட துலைஞ்சிருக்கும். அதை ஒருத்தரும் கேட்டதில்லையே" எண்டார்.