வெள்ளெழுத்து

சாளேசரம் என்று தமிழில் ஒரு சொல் இருந்தது. இன்று அதை அகராதியில்தான் தேட வேண்டும். நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்தது. தெலுங்கில் அதே குறைக்குச் ‘சத்வாரம்’ என்று பெயர். அதுவும் நாற்பதுதான், வடமொழி நாற்பது. வயதையே குறைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சொன்னது வெள்ளெழுத்து. இந்தச் சொல் வாசிப்பவரின் பக்கத்திலிருந்து பிறந்தது. தன் கண் கெட்டுவிட்டதாக அவருக்குத் தெரியவில்லை. எழுத்துத்தான் வெளுத்துப்போனதாகத் தெரிகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் கிரேக்கச் சொல்லுக்கோ கிழட்டுக் கண் என்பதுதான் பொருள். இலண்டனில் என்னை முதன்முதல் பரிசோதித்த கண்ணாடிக்கடைக்காரர், நல்லவேளை, அதை எனக்கு விளக்கிச் சொல்லவில்லை.

நடப்பது இதுதான். கண்மணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை பிறந்த நாளிலிருந்தே மெல்ல மெல்லத் தடித்து வருகிறது. இளமையில் அது நெகிழ்வாக இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை அதன் வடிவத்தை மாற்ற, தூரத்துப் பனையும் கையிலிருக்கும் புத்தகமும் மாறி மாறித் தெளிவாகத் தெரியும். நாற்பதைத் தாண்டும்போது வில்லை இறுகிவிடுகிறது. தசை சொன்னாலும் கேட்பதில்லை. பத்திரிகையைத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறோம்; பிறகு கையின் நீளம் போதாமல் போகிறது. அதோடு நிற்பதில்லை. அதே வில்லைதான் பின்னர் மஞ்சள் பூத்து, பழுப்பாகி, கடைசியில் மங்கிப் புரையாகிறது. வெள்ளெழுத்து யாரையும் விடுவதில்லை. புரை, நெடுநாள் வாழும் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் வந்தே தீரும்.

என் வயதுக்காரர் கூடும் இடங்களில் இப்போது முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு முழங்காலும் நோகிறது. ஆனாலும் வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் கண்ணைத்தான் எழுதத் தோன்றுகிறது. முதுமையின் மாற்றங்களில் மனிதர் உண்மையிலேயே மாற்றிக் காட்டியது இதை ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

புறநானூற்றில் தன் முதுமையைப் பாடிய ஒரு புலவர் இருக்கிறார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. பாட்டில் வரும் ஊன்றுகோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். மடுவில் பாய்ந்து மணல் அள்ளிக் காட்டிய இளமையை நினைத்து ஏங்குகிறார். தடியைச் சொல்கிறார், நடுக்கத்தைச் சொல்கிறார், பேச்சுக்கு இடையில் வரும் இருமலைச் சொல்கிறார். கண்ணைச் சொல்லவில்லை. பாட்டு நாவிலும் செவியிலும் வாழ்ந்த காலம் அது. அருகில் இருப்பது மங்கினால் புலவருக்குப் பெரிய நட்டமில்லை என்பது என் ஊகம்.

ஏட்டுக்காலத்தில் நட்டம் வந்துவிட்டது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் எழுத்து தானாகத் தெரியாது. கரியும் இலைச்சாறும் கலந்த மையைப் பூசித் துடைத்தால்தான் கீறலுக்குள் கறுப்பு நிற்கும். அதையும் எண்ணெய் விளக்கில் வாசிக்க வேண்டும். ஐம்பது வயது வித்துவான் தன் வீட்டு ஏட்டைத் தானே வாசிக்க முடியாமல் மாணவனை வைத்து வாசிப்பித்திருப்பார். நம் சமூகம் இதற்கு ஒரு வழி கண்டது, செவி. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். சுற்றியிருந்து கேட்டவர்களில் எழுத்தறியாதவர்களும் இருந்தார்கள். எழுத்து அறிந்தும் வெளுத்துப்போனவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரு சாராரும் சமம். இதைப் பக்தி என்று மட்டும் பார்ப்பது போதாது.

கண்ணாடி இத்தாலியில் பிறந்தது, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிசா நகரத்துப் பக்கம். 1306இல் ஒரு பாதிரியார் தன் பிரசங்கத்தில், இந்தக் கலை கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் இருபது ஆண்டு ஆகவில்லை என்று குறிப்பிடுகிறார். முதலில் வந்தவை எல்லாம் குவிவில்லைகள், அதாவது வெள்ளெழுத்துக்கான கண்ணாடிகள். நமது பக்கத்தில், விசயநகரத்தில் செல்வாக்கோடு இருந்து 1539இல் மறைந்த மாத்துவத் துறவி வியாசதீர்த்தர் கண்ணாடி அணிந்து சுவடி வாசித்ததாக, சோமநாதர் எழுதிய வடமொழி வரலாறு சொல்கிறது. ஆய்வாளர் பி. கே. கோடே இதை எடுத்துக்காட்டினார். போர்த்துக்கேயர் கப்பலில் வந்த கண்ணாடியாக இருக்கலாம். ஆட்களை வெட்டிச் சாய்த்தவர்களின் கப்பலில் இப்படியும் ஒரு பொருள் வந்திருக்கிறது.

புரைக்குக் கண்ணாடி உதவாது. அதற்கான பழைய வழி நம் உபகண்டத்துக்குரியது. சுசுருத சங்கிதை அதை விவரிக்கிறது. கண்ணின் ஓரத்தில் கூரிய கருவியைச் செலுத்தி, மங்கிய வில்லையைப் பின்பக்கமாகக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும். உள்ளே விழுந்த வில்லை அங்கேயே கிடக்கும். கிழமைகளில் சீழ் பிடிக்கலாம், கண்ணழுத்தம் ஏறலாம்; பலருக்குக் கிடைத்த ஒளி திரும்பவும் போய்விடும். கூலி வாங்கியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கண் மருத்துவமனையை நடத்திய எலியட், இப்படிக் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து ஒரு புத்தகமே எழுதினார். நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குபவர்கள் அதையும் ஒருமுறை புரட்டலாம்.

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 1747இல் பிரான்சின் ஜாக் தவியேல் தொடங்கினார். அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூரில் ஒரு வியப்பான காரியம் நடந்தது. 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோசி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை வைத்திருந்தார். அங்கே பார்த்த கண்நோயாளிகளின் குறிப்புகள், வண்ணத்தில் தீட்டிய கண் படங்களோடு சரசுவதி மகாலில் இருக்கின்றன. அரசரே கத்தி பிடித்தார் என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் படங்கள்தான் பெரிது. யாரோ ஒரு குடியானவரின் கலங்கிய கண்ணை, அது அவருடைய கண் என்று அடையாளம் தெரியும்படி, ஓவியர் ஒருவர் உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறார். முதுமை என்றால் இப்படித்தான் என்று ஒதுக்கிவிடாமல் ஒருவரின் கண்ணை அவ்வளவு நேரம் பார்ப்பது அக்காலத்தில் எளிதான விடயமல்ல. 1819இல் சென்னையிலும் கண் மருத்துவமனை வந்துவிட்டது. எழும்பூரில் இன்றும் நடக்கிறது.

வில்லையை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதை ஈடுசெய்ய முகத்தில் ஏறியது சோடாப் போத்தல் கண்ணாடி. எங்கள் தலைமுறை அந்தத் தாத்தாக்களை நினைவில் வைத்திருக்கும்: கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்த கண்கள். அவர்கள் பார்த்த உலகமும் பெருத்துத்தான் தெரிந்தது. பொருள்கள் கால்பங்குக்குமேல் பெரிதாகத் தோன்றும்; கைக்கு எட்டும் என்று நினைத்த தேநீர்க் கோப்பை எட்டாது; பக்கவாட்டில் வருபவர் எங்கிருந்தோ திடீரென்று முளைப்பார். படியிறங்கப் பயப்படுவார்கள். சிகிச்சை முடிந்ததும் தலையின் இரு பக்கமும் மணல்மூட்டை வைத்து, நாட்கணக்கில் அசையாமல் கிடத்தியதும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், பார்வை போனாலும் பரவாயில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். எங்கள் முதியவர்களின் பயம் மூடநம்பிக்கை அல்ல. கண்டறிந்த பயம்.

அந்த வெற்றிடத்தை நிரப்பிய கதை இலண்டனில் நடந்தது. 1940 ஆகஸ்டில், கோர்டன் கிளீவர் என்ற பிரித்தானிய விமானியின் விமானத்தைக் குண்டுகள் துளைத்தன. விமானிக்கூண்டின் பேர்ஸ்பெக்ஸ் நெகிழி சிதறி அவர் கண்களுக்குள் பாய்ந்தது. (ஸ்பிற்பயர் என்று கதை சொல்வார்கள், அவர் ஓட்டியது ஹரிக்கேன்.) அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹரோல்ட் ரிட்லி. வேறு பொருள்கள் கண்ணுக்குள் போனால் கண் கொந்தளிக்கும். இந்த நெகிழித் துண்டுகளோடு கண் சும்மா இருந்தது. ரிட்லி அதை மறக்கவில்லை. சில ஆண்டுகளின்பின், புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்றை வைக்கமாட்டீர்களா என்ற கருத்தில் ஏதோ கேட்டாராம். 1949 நவம்பர் 29 அன்று, பாராளுமன்றத்துக்கு எதிர்க்கரையில் தேம்ஸ் ஓரமாக நிற்கும் சென் தோமஸ் வைத்தியசாலையில், ரிட்லி அதைச் செய்தார்.

வெளியே சொல்லவில்லை. 1951இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் சொன்னபோது பெரியவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். கண் வைத்தியரின் வேலை அந்நியப் பொருளை வெளியே எடுப்பது, இவர் உள்ளே வைக்கிறாரே என்பது குற்றச்சாட்டு. முப்பது ஆண்டுகளுக்குமேல் அந்த இழுபறி நீண்டது. தொடக்கத்தில் சிக்கல்களும் இருந்தன என்பதால் எதிர்த்தவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். எண்பது வயது தாண்டியபின் ரிட்லிக்கும் புரை வந்தது. அதே சென் தோமஸில் அவர் கண்களிலும் வில்லை வைத்தார்கள். 2000இல் சேர் பட்டம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு காலமானார்.

இலண்டனில் ஒரு பொருள் கிடைப்பதும் மதுரைக் கிராமத்துக்கு அது போய்ச் சேருவதும் வெவ்வேறு வரலாறுகள். இரண்டாவதைச் செய்தவர் 1918இல் வடமலாபுரத்தில் பிறந்த கோவிந்தப்பா வெங்கடசாமி. இளம் வைத்தியராக இராணுவத்தில் இருந்தபோது முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் வளைந்து திருகிவிட்டன. முதுமை செய்யும் வேலையை நோய் முப்பது வயதிலேயே செய்துவிட்டது. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகள் செய்தார். 1976இல், 58 வயதில் அரச பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், மதுரையில் 11 கட்டில்களோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கொடுத்தார், இல்லாதவர் கொடுக்கவில்லை. வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாமல் இருந்ததால் 1992இல் ஆரோலாப் என்ற தொழிற்சாலை மதுரையிலேயே வந்தது; விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இறங்கியது.

அதே ஆண்டுகளில் பாக்குநீரிணைக்கு இப்பால் யாழ்ப்பாணம் இருட்டில் இருந்தது. 1990இலிருந்து சில ஆண்டுகள் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டு எரித்தார்கள். பிள்ளைகள் அந்த விளக்கில் படித்துப் பரீட்சை எடுத்ததைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். முதியவர்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதவில்லை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பேரனுக்கு மங்கலாக இருந்த விளக்கு பாட்டிக்கு விளக்கே அல்ல. வெளிநாட்டிலிருந்து பிள்ளை எழுதிய கடிதத்தை வாசிக்க விடியும்வரை காத்திருந்தவர்கள் இருந்தார்கள். கொழும்புக்குப் போய்க் கண் காட்டுவதற்குப் பாஸ் எடுக்க வேண்டியிருந்தது, பலர் போகவில்லை.

அப்படிப் போகாமல் விட்டவர்களில் சிலர் பின்னர் இங்கே, ரொறன்ரோவில், பாரிசில், சிட்னியில் வந்து சேர்ந்தார்கள். இருபது நிமிடத்தில், மரக்கச் செய்யும் சொட்டு மருந்தோடு, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாலும் நம்புவதில்லை. மணல்மூட்டை மனதில் இருக்கிறது. “எனக்கினி என்னத்துக்குத் தம்பி, நான் இனி என்ன படிக்கப் போறன்?” என்பார்கள். பரிசோதனை அறையில் இன்னொரு சங்கடம். சுவரில் இருப்பது 1862இல் ஒல்லாந்தர் ஸ்னெலன் அமைத்த ரோம எழுத்து அட்டை. தமிழ் மட்டும் வாசிப்பவர் வாய் திறக்காமல் இருப்பார். அவருக்குக் கண் தெரியவில்லையா, எழுத்துத் தெரியவில்லையா என்று அங்கிருப்பவருக்குப் புரியாது. எழுத்தறியாதவருக்கென்று எந்தப் பக்கம் வாய் திறந்திருக்கிறது என்று கைகாட்டும் அட்டை உண்டு. கூடப் போகும் பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

போய்வந்தவர்கள் முதலில் சொல்வது எழுத்தைப் பற்றி அல்ல, நீலத்தைப் பற்றி. பழுத்த வில்லை ஆண்டுக்கணக்கில் நீலத்தை வடிகட்டிவிடுகிறது; மெல்ல நடப்பதால் தெரிவதில்லை. ஓவியர் மோனே 1923இல் சிகிச்சை செய்தபின், எல்லாம் அளவுக்குமீறி நீலமாகத் தெரிகிறது என்று முறையிட்டார். எங்கள் உறவில் ஒரு மாமி, வீட்டுச் சுவருக்கு எப்போது வெள்ளை அடித்தீர்கள் என்று கேட்டார். அது பத்து வருடத்துப் பழைய வெள்ளை.

இதிலும் ஒன்று மிஞ்சுகிறது. வைக்கும் வில்லை பெரும்பாலும் ஒரே தூரத்துக்கானது. இளமை வில்லையைப்போல் வடிவம் மாறாது. தூரத்துப் பேருந்தின் இலக்கம் தெளிவாகத் தெரியும், கையிலிருக்கும் பத்திரிகை தெரியாது. புரை போனபிறகும் வெள்ளெழுத்து அப்படியே இருக்கிறது. மாமியும் வாசிக்க வேண்டுமென்றால், பிசாவில் தொடங்கிய அந்தப் பழைய குவிவில்லையைத் தேடி மேசை லாச்சியைத் திறக்கிறார்.